கை வரைவது தெரிய வேண்டும்

எங்கள் பள்ளியில் கடல் தெரியாத வகுப்பறை கிடையாது. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, தென்கடலை ஒட்டிய ஊர். காலை பத்து மணிக்கெல்லாம் மணலில் பட்ட வெயில் தெறித்து, ஜன்னல் வழியாக ஏறி, எதிர்ச்சுவரில் வந்து நிற்கும். வகுப்பறையில் படம் காட்டும் கருவிகளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வெயில்தான். புரொஜெக்டர் என்பது வெளிச்சத்தைச் சுவரில் வீசுகிற பெட்டி. சுவரில் ஏற்கெனவே அதைவிடப் பெரிய வெளிச்சம் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெட்டி என்ன செய்யும்?

நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளிக்குப் பெரிய தொடுதிரைப் பலகை வந்து இறங்கிய அன்று, புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், “அக்கா, நீங்க படிச்ச காலத்துல வெறும் சாக்பீஸ் மட்டும்தானா?” என்று கேட்டார். உண்மையான ஆர்வத்தில் கேட்டார். மணி அடித்துவிட்டதால் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நின்றபடி சொல்லி முடிக்கிற பதிலும் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். சாக்பீஸை ‘வெறும்’ என்று சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

நான் படித்தது தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கட்டடப் பள்ளி. போர்டு என்பது சுவரிலேயே சிமெண்டு பூசி வழவழப்பாக்கிய ஒரு கட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதற்குக் கரி பூசுவோம். ஆளுக்கொரு கை ஊமத்தை இலையும் கோவை இலையும் பறித்து வருவோம். அடுப்புக்கரி வீட்டிலிருந்து வரும். யாராவது டார்ச்லைட்டின் தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை உடைத்து உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்து வந்தால் அவனுக்கு அன்றைக்குத் தனி மரியாதை. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, பழந்துணியில் தொட்டு, மேலிருந்து கீழாக ஒரே வாக்கில் இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் திட்டுத் திட்டாகக் காயும். “கையைக் கழுவாம கண்ணைத் தொட்டுறாதீங்க” என்று எங்கள் சார் கத்திக்கொண்டே இருப்பார். ஊமத்தையில் இருக்கிற அட்ரோபின் கண்மணியை விரியவைத்துவிடும் என்பதைக் கல்லூரியில் படித்தபோதுதான் அவர் ஏன் கத்தினார் என்று புரிந்தது.

அந்தப் பலகையின் பெருமை அதன் கறுப்பு மட்டுமல்ல, அது மினுக்காது. கரி வெளிச்சத்தைக் குடித்துவிடும். பிற்காலத்தில் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்த பலகைகள் வந்தன. பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் கடல் பக்கத்து ஜன்னல் அதில் அப்படியே பிரதிபலிக்கும். இடது ஓரத்து வரிசைப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது, கழுத்தை வளைத்து வளைத்துப் பார்ப்பார்கள். இன்றைக்கும் ஒரு புதிய வகுப்பறைக்குள் நுழைந்தால் நான் முதலில் போய் உட்கார்ந்து பார்ப்பது அந்த ஓரத்து பெஞ்சில்தான். வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் சுவர் ஈரம் கோத்துக்கொள்ளும். சாக்பீஸ் வழுக்கும், எழுத்து பிடிக்காது. அதற்கும் எங்கள் சார் ஒரு கைவேலை வைத்திருந்தார். காய்ந்த துணியில் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தொட்டு ஒரு தடவை துடைத்துவிட்டு எழுதுவார்.

கரும்பலகையின் வரலாற்றில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அது பலருக்குத் தெரியாது. 1789-இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லப் பள்ளி ஒன்றைக் கவனித்துக்கொள்ள ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்து அதை ஒரு முறையாக்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்; மதராஸ் முறை என்றே அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் இன்றைக்கும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஒரு பள்ளி நடக்கிறது. அதே ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் தலைமையாசிரியராக இருந்த ஜேம்ஸ் பில்லன்ஸ் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கரும்பலகையும் கலர் சாக்பீஸும் வைத்து பூகோளம் நடத்தினார். கரும்பலகையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் என்று பலரும் அவரைத்தான் சொல்கிறார்கள். நம் மணலும் அவர்களுடைய பலகையும் செய்தது ஒரே வேலை. எழுத்து உருவாவதைப் பிள்ளை பார்த்தது.

நான் சொல்ல வருவதும் அதைத்தான். படம் பெரிதாக இருக்கிறதா, கலராக இருக்கிறதா, அசைகிறதா என்பதெல்லாம் அப்புறம். அது எப்படி உருவாகிறது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா? நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்க முடிகிறதா? ஒரு கருவி வகுப்புக்குள் வரும்போதெல்லாம் நான் இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

ராமேஸ்வரத்தில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். பிள்ளைகள் புரியவில்லை என்றார்கள். அவர் கோபப்படவில்லை, எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். கலாம் இதைப் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். கேட்கிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கரும்பலகையும் முக்கியம். இறக்கையையும் வாலையும் தலையையும் சார் கையால் கோடு கோடாக வரைந்ததைப் பார்த்துவிட்டுப் போனதால்தான், கரையில் நின்றபோது எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, கருவிகளுக்கு வருகிறேன்.

பி.எட். படிக்கும்போதுதான் ஓவர்ஹெட் புரொஜெக்டரை முதலில் பார்த்தேன். ஓ.எச்.பி. என்போம். பெட்டிக்குள்ளே விளக்கு, மேலே கண்ணாடித் தட்டு, அதற்கு மேலே ஒரு கம்பியில் லென்ஸும் கண்ணாடியும். தட்டில் வைத்த பிளாஸ்டிக் ஷீட்டில் எழுதுவது தலைக்குப் பின்னால் சுவரில் பெரிதாக விழும். இப்போது பிள்ளைகளிடம் சொன்னால் பழைய சாமான் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுவரை வந்த கருவிகளில் ஆசிரியரின் வேலையை மிக நன்றாகப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது அதுதான். முதுகைக் காட்டாமல் எழுதலாம். எழுதும் கை சுவரில் நிழலாகத் தெரியும். பேனா முனை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் வகுப்பு முழுவதின் கண்ணும் இருக்கும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரையலாம். புரியாத முகம் தெரிந்தவுடன் கை நின்றுவிடும்.

அந்தத் தட்டுக்கு அடியில் இருக்கிற லென்ஸ் நம் கடற்கரைக்குச் சொந்தக்காரன். உற்றுப் பார்த்தால் வட்ட வட்டமாக மெல்லிய வரிகள் தெரியும். அதுதான் பிரெனல் லென்ஸ். அந்த அகலத்துக்கு ஒரு சாதாரண லென்ஸ் செய்தால் நடுவில் தடியான கண்ணாடிக் கட்டியாகிவிடும், தூக்கவே முடியாது. வெளிச்சம் வளைவது லென்ஸின் மேற்பரப்பில்தான், நடுவிலிருக்கும் தடிமன் வெறும் பாரம் என்று கண்டு, அந்த வளைந்த பரப்பை மட்டும் வளையம் வளையமாக வெட்டித் தட்டையாக அடுக்கினார் அகுஸ்தின் பிரெனல். கலங்கரை விளக்கத்துக்காகச் செய்தது அது; 1823-இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்தினார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரோஜர் ஆப்பிள்டோர்ன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் அதே வளையங்களைப் பிளாஸ்டிக்கில் மெலிதாக அச்சடித்து எடுத்தார்கள். ஓ.எச்.பி. மலிவாகி வகுப்பறைக்குள் வந்தது அப்படித்தான். லென்ஸ் பாடம் எடுக்கும்போது நான் பாம்பன் கலங்கரை விளக்கத்தில் ஆரம்பிப்பேன். கடலில் தூரத்தில் நின்று பார்த்தாலும் அதன் வெளிச்சம் ஏன் சிதறாமல் வருகிறது என்று கேட்பேன். அப்பாவோடு ராத்திரி கடலுக்குப் போன பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும், அது பேச ஆரம்பித்துவிடும்.

ஓ.எச்.பி.யில் எனக்கு இன்னொரு பிரியம், ஷீட்டின் மேல் ஷீட் வைக்கலாம். முதல் ஷீட்டில் ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரைக்கோடு மட்டும். அதன் மேல் இரண்டாவது, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். மூன்றாவதில் பவளப்பாறை இருக்கும் இடங்கள், நான்காவதில் கச்சான் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, வாடை எந்தப் பக்கமிருந்து என்று அம்புக்குறிகள். ஒவ்வொன்றாக வைக்கும்போது ஒரு தகவல் எதன் மேல் உட்காருகிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்கும். எடுத்துவிட்டால் அடியில் இருப்பது அப்படியே இருக்கும். குறைகளும் இருந்தன. உள்ளங்கை வியர்வை பட்டால் மார்க்கர் எழுத்து இழுகிவிடும், இந்த ஊர் வெக்கையில் வியர்க்காத கை ஏது? விளக்குச் சூட்டில் ஷீட்டின் ஓரம் சுருளும். ஆனாலும் மனசு விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று நான்கு ஷீட்டில் நடத்திய பாடம் மாதிரி இன்றுவரை எந்தத் திரையிலும் எனக்கு அமையவில்லை.

பவர்பாயின்ட் பிறந்ததும் ஓ.எச்.பி.க்காகத்தான் என்பது இளம் ஆசிரியர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1987-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு அதன் முதல் பதிப்பு வந்தபோது, கறுப்பு வெள்ளையில் பக்கம் பக்கமாக அச்சடித்து ஓ.எச்.பி. ஷீட்டாக்கிக்கொள்வதற்குத்தான் அதைச் செய்திருந்தார்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. கணினியே நேராகப் புரொஜெக்டரோடு இணைந்தபோது ஷீட் போனது, ஷீட்டோடு கையும் போனது. வரைந்து முடித்த படமும் எழுதி முடித்த வரிகளும் ‘டக் டக்’ என்று வந்து விழ ஆரம்பித்தன. பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு முன்பே அடுத்தது வந்துவிடும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஸ்லைடு புரொஜெக்டரைப் பற்றி ஒரே ஒரு இரவு சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் கடல் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் பவளப்பாறைப் படங்களைக் காட்டினார்கள். இருட்டிய பிறகு வைத்ததால் ஊரே வந்துவிட்டது. சட்டமிட்ட சின்ன பிலிம் துண்டு, பெட்டிக்குள் ஒவ்வொன்றாக விழும் சத்தம், சுவர் முழுக்கக் கலர். சங்கு குளிக்கப் போகிற பெரியவர் ஒருவர் நடுவில் எழுந்து, “தம்பி, அத மாத்தாதீங்க, கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்றார். சுவருக்குப் பக்கத்தில் போய், படத்தில் ஒரு இடத்தைக் கையால் தொட்டு, அது எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), எந்த மாதத்தில் அங்கே தண்ணீர் தெளிந்திருக்கும், எந்த மாதம் கலங்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். காட்ட வந்தவர்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு திரை மரியாதையாக நடந்துகொண்ட ராத்திரி அது. சினிமா என்றால் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்லைடு நிற்கும். எங்கள் ஊர் ஈரக்காற்றுதான் அதற்கு எமன். பிலிமின் மேல் பூஞ்சை பிடித்து, பவளத்துக்கு மேலே இன்னொரு பவளம் வளர்ந்துவிடும். 2004-இல் கோடாக் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது.

டிவி, வி.சி.ஆர். காலத்தை நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் டிவி இருந்தது, சாவி எச்.எம். மேசையில் இருந்தது. 1984 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷனில் யு.ஜி.சி.யின் கல்வி ஒளிபரப்பு தொடங்கியது, அது கல்லூரிக்காரர்களுக்கு. 2004 செப்டம்பர் 20-இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அப்போது குடியரசுத் தலைவர் நம் கலாம். அந்தச் செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். எங்கள் பள்ளிக்கு அதன் பாடம் எதுவும் வந்து சேரவில்லை.

எல்.சி.டி. புரொஜெக்டர்தான் என்னை அதிகம் படுத்தியது, அதிகம் கற்றும் கொடுத்தது.

அதன் உள்ளே நடப்பது அழகான இயற்பியல். வெள்ளை வெளிச்சத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, மூன்று சின்ன எல்.சி.டி. தகடுகள் வழியாக அனுப்பி, திரும்ப ஒன்றாகச் சேர்த்து லென்ஸ் வழியாக வெளியே விடுகிறார்கள். டி.எல்.பி. என்று இன்னொரு வகை உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த சில்லு அதற்குள் இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள், ஒவ்வொன்றும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படியும் அப்படியும் சாய்ந்து வெளிச்சத்தைத் திரைக்கோ வெளியிலோ தள்ளும். எந்த வகையானாலும் புரொஜெக்டரால் செய்ய முடியாத ஒன்று உண்டு. அதனால் கறுப்பை வீச முடியாது. திரையில் நாம் பார்க்கும் கறுப்பு, வெளிச்சம் விழாமல் விட்ட இடம், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஜன்னல் வெயில் விழுந்தால் கறுப்பு சாம்பலாகும், சாம்பல் வெள்ளையாகும், படம் செத்துவிடும். கரும்பலகையில் எதிரானது நடக்கிறது: கறுப்பை நாம் முன்பே பூசி வைத்துவிட்டோம், வெயில் எவ்வளவு வந்தாலும் சாக்பீஸ் கோடு இன்னும் பளிச்சென்றுதான் தெரியும்.

அதனால் ஜன்னல்களை அடைக்க வேண்டியிருந்தது. முதலில் பழைய சேலைகள், அப்புறம் சாக்கு, கடைசியில் ஒரு பையனின் அப்பா படகுத் தார்ப்பாயைக் கொடுத்தனுப்பினார். சித்திரை மாத வெக்கையில் தார்ப்பாய் போட்டு மூடிய அறையில் நாற்பது பிள்ளைகளும் ஒரு சூடான விளக்கும் இருந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தார்ப்பாயில்தான் ஒரு நல்லது நடந்தது. கரண்ட் போய்விட்டது. புரொஜெக்டர் அணைந்து, அறை கும்மிருட்டானது. சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று அடங்கின. “டீச்சர், சுவத்தப் பாருங்க, வள்ளம் தலைகீழாப் போவுது!” தார்ப்பாயில் ஆணி கிழித்த ஓட்டை ஒன்று, சுண்டுவிரல் நுனி அளவு. அது வழியாக வெளியே இருந்த கடலும் பனைமரமும் கரையில் இழுத்துவிட்ட படகுகளும் எதிர்ச்சுவரில் தலைகீழாக, கலரில், அசைந்துகொண்டு விழுந்திருந்தன. வானம் கீழே, மணல் மேலே. கிழக்கே போகிற வள்ளம் சுவரில் மேற்கே போனது. அதை முதலில் கவனித்துச் சொன்னது ஐந்தாவது பெஞ்சில் உட்காரும் பெண்பிள்ளை, என் வகுப்பில் வாயே திறக்காதவள். ஒரு அட்டையில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு அந்தக் கிழிசலின் மேல் ஒட்டினோம். படம் கூர்மையானது, ஆனால் மங்கியது. இன்னொரு அட்டையில் பெரிய ஓட்டை. பிரகாசமாகியது, ஆனால் கலங்கியது. ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இப்னு அல் ஹைதம் ஓட்டை வழியாக வரும் வெளிச்சத்தை ஆராய்ந்து எழுதினார் என்று சொன்னேன். ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குள் கோபுரம் தலைகீழாக விழுவதையும் சொன்னேன். கரண்ட் திரும்ப வந்தபோது யாருக்கும் புரொஜெக்டரைப் போட மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒளியியல் பாடத்தை நான் அந்தத் தார்ப்பாயோடுதான் தொடங்குகிறேன்.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கரையில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். புரொஜெக்டர் தன்னைக் குளிரவைக்க வெளிக்காற்றை உறிஞ்சும். காற்றோடு உப்பும் நைஸ் மணலும் உள்ளே போகும். வடிகட்டி அடைத்தால் சூடு ஏறும், நீலத் தகட்டின் பக்கம் இருக்கும் போலரைசர் என்கிற ஒளிவடிகட்டி முதலில் கருகும், படத்தில் மஞ்சள் திட்டு விழும். எங்கள் திரையில் மஞ்சள் திட்டு விழுந்தபோது விற்றவர்கள் கடற்கரை ஊர் என்பதால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கடற்கரைப் பள்ளிக்கு விற்கும்போது அவர்களுக்கு அது தெரியாதா? விளக்கும் அப்படித்தான். உள்ளே பாதரச ஆவி பயங்கர அழுத்தத்தில் இருக்கும் விளக்கு அது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் விசிறி ஓடிச் சூட்டை இறக்க வேண்டும். கரண்ட் சட்டென்று போனால் விசிறியும் நின்றுவிடும். ஒவ்வொரு மின்தடையும் விளக்கின் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்றது. அதனால் இன்றைக்கு எந்தப் பள்ளி என்னைக் கேட்டாலும், கருவிக்கு முன்னால் ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள், நல்ல எர்த் போடுங்கள், வாரம் ஒரு தடவை வடிகட்டியை எடுத்துத் தட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கட்டங்கள் இருந்தன, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020-இல் பள்ளிகளை மூடியபோது இரண்டும் கைகொடுத்தன என்பதை மறுக்க மாட்டேன். எங்கள் ஊரில் பல வீட்டில் ஒரே ஒரு போன், அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் நாலு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் டிவியை நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியாது.

இப்போது வந்திருக்கும் தொடுதிரைப் பலகைக்கு இருட்டு வேண்டாம். வெளிச்சம் திரைக்குள்ளிருந்தே வருவதால் தார்ப்பாய்க்கு வேலை இல்லை, ஜன்னல் திறந்திருக்கலாம், கொண்டல் காற்று உள்ளே வரலாம். பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரிகிறது. இது ஒன்றுக்காகவே நான் அதை வரவேற்கிறேன். அதன் சட்டத்தின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. விரல் எந்தக் கதிரை மறிக்கிறதோ அந்த இடத்தைத் தொட்டதாகக் கணக்கு. ஒரு நாள் பலகை தானாகவே கோடு போட ஆரம்பித்தது, பிள்ளைகள் பயந்துவிட்டன. பார்த்தால் சட்டத்தின் மூலையில் ஒரு பூச்சி. கதிர் எப்படி மறிபடுகிறது என்று அந்தப் பூச்சியை வைத்தே பாடம் நடத்தி முடித்தேன்.

எங்கள் பிள்ளைகளுக்குத் திரை புதிதில்லை என்பதையும் அப்போதுதான் சரியாக உணர்ந்தேன். விசைப்படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது, எக்கோ சவுண்டர் இருக்கிறது. ஒலி தண்ணீருக்குள் போய்த் தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கோடாகக் காட்டும் திரை அது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். எந்தக் கலர் தரை, எந்தக் கலர் மீன் கூட்டம் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பலகையில் விரலால் வரைந்து எங்களுக்கு விளக்கினான். வரைபடத்தில் அளவுகோல் என்றால் என்ன என்று அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிவிடக் கூடாது என்று அவன் அப்பா ஒவ்வொரு ராத்திரியும் பார்த்துக்கொண்டிருப்பது அதே மாதிரித் திரையைத்தான்.

இந்தப் பலகையில் வரும் வீடியோக்களை நான் குறைவாகத்தான் போடுகிறேன். அதிகம் செய்வது இதுதான்: போனை ஒரு கம்பியில் கவிழ்த்துக் கட்டி, அதன் கேமராவில் தெரிவது பலகையில் நேரடியாகத் தெரியும்படி இணைத்துவிடுகிறேன். மேசையில் ஒரு தாள். அதில் நான் வரைகிறேன், அல்லது ஒரு பிள்ளை வந்து வரைகிறது. கை தெரிகிறது, பென்சில் முனை தெரிகிறது, அழித்துத் திருத்துவதும் தெரிகிறது. சில நாள் தாளுக்குப் பதில் ஒரு தட்டில் கடல்நீர். பாசி எடுக்கப் போகிற அம்மாக்கள் உள்ள பிள்ளைகள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று கொண்டுவருவார்கள். மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்கிற காகித நுண்ணோக்கியைப் போனில் ஒட்டினால் பாசியின் செல் வரிசை பலகை அகலத்துக்கு விரியும். அதை அப்படியே நிறுத்தி, பிள்ளைகள் விரலால் எல்லைகளை வரைவார்கள். அப்புறம் பக்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் நினைவிலிருந்து வரையச் சொல்வேன். கரும்பலகையைக் கழற்ற நான் விடவில்லை.

போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா, பலகையில் இருந்த பாசிப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். “டீச்சர், இது மேலாப்புல வெட்டுனது. அடியில பாறையப் புடிச்சிருக்கிற இடத்தக் காட்டுங்க. அத விட்டுட்டு எடுத்தாத்தான் திரும்ப வளரும்னு நாங்க சொல்றோம், புதுசா வர்ற பொம்பளைங்க கேக்க மாட்டேங்குறாங்க” என்றார். அவர் சொன்ன அந்தப் பகுதி எங்கள் பாடநூல் படத்தில் சரியாக இல்லை. அலை ஒதுக்கிப்போடும் கல்லோடு ஒட்டிய பாசியை எடுத்துவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் போனைக் கவிழ்த்துக் கட்டி அவரையே பேசச் சொல்லப்போகிறோம். வரைவதற்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்போதே பெயர் கொடுத்துவிட்டது.